குதிரையைக் கேட்டீர்களா?

ஒரு குதிரைத்திறன் என்றால் எத்தனை வாட்? தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் 746 என்று சொல்லிவிடுவோம். 'மெட்ரிக்னா 735.5 டா' என்று திருத்துவதற்கும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் இருப்பான். பம்ப் செட், டீசல் என்ஜின், மோட்டார் என்று எதை எடுத்தாலும் அதன் நெற்றியில் குதிரையின் பெயரை ஒட்டி வைத்திருக்கிறோம். ஜேம்ஸ் வாட் தன் நீராவி என்ஜினை விற்பதற்காகக் குதிரையை அளவுகோலாக்கினார். வாங்க வருகிறவனுக்குப் புரிய வேண்டுமே! ஆனால் நண்பர்களே, நம்மில் எத்தனை பேர் நிஜக் குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்திருக்கிறோம்? மெரினா மணலில் ஒரு ரவுண்டு, ஊட்டியில் ஒரு போட்டோ... அதோடு சரி!

இந்த மலரில் குதிரைக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. குதிரை என்றால் உயிரையே விடும் நாலைந்து நண்பர்கள் ஒன்று சேர்ந்து, ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுவதற்காக நூறு, இருநூறு கிலோமீட்டர் சவாரி போகிறார்கள். வெளிநாடுகளில் இது வெகுகாலமாக உள்ள வழக்கம். புற்றுநோய் மருத்துவமனை, ஆதரவற்ற குழந்தைகள், காடு காப்பு என்று எதற்காகவும் போகிறார்கள். மங்கோலியாவில் 2009ல் தொடங்கிய 'மங்கோல் டெர்பி' இதில் பெரியது. சுமார் ஆயிரம் கிலோமீட்டர்! செங்கிஸ்கான் காலத்து அஞ்சல் வழி மாதிரி, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு குதிரை மாற்றிக்கொண்டு பத்து நாள் போகிறார்கள். கலந்துகொள்பவர்கள் தர்மத்துக்குப் பணமும் திரட்டுகிறார்கள்.

கேட்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா? நம் பையன்கள் ரத்த தானத்துக்காகவும் ஹெல்மெட்டுக்காகவும் சைக்கிள் பேரணி போகிறார்கள். அதே மாதிரி இது குதிரைப் பேரணி என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் என் கருத்து வேறு. சைக்கிளில் போனால் வலிப்பது நம் கால். வலித்தால் புளிய மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சோடா குடித்துவிட்டுப் போகலாம். முடியாவிட்டால் சைக்கிளைத் தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு வரலாம். குதிரைச் சவாரியில் பேர் நமக்கு, நோட்டீஸில் போட்டோ நமக்கு, மாலை நமக்கு. வலி மட்டும் இன்னொருவருக்கு! நன்கொடை நோட்டில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் அதுதான். ஆகவே இப்படிப்பட்ட சவாரியில் தர்மம் என்பது புறப்படும் நாளில் ஆரம்பிப்பதில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில், யாரும் கைதட்டாத காலை நேரங்களில் அது நடந்திருக்க வேண்டும். நடந்திருந்தால் நானும் கைதட்டுவேன். நடக்காவிட்டால் எத்தனை லட்சம் சேர்ந்தாலும் அதைத் தர்மக் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது.

அப்படி என்ன பெரிய தயாரிப்பு? 'கொள்ளு போட்டா குதிரை ஓடும்' என்பதுதான் நம்மூர் ஞானம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். மெஷின் படித்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

தினமும் மெல்ல நடத்தி, மெல்ல ஓட்டிப் பழக்கினால் குதிரையின் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். மூச்சு வாங்காது, துள்ளும், 'இன்னும் போகலாம்' என்று இழுக்கும். தசையும் சீக்கிரம் வந்துவிடும். ஆனால் காலில் இருக்கும் தசைநாண்கள் உறுதிப்படப் பல மாதம் ஆகும். எலும்பு அதற்கும் மேல், ஒரு வருடம்கூட ஆகலாம். புரிகிறதா? என்ஜின் ரெடி, சேசிஸ் ரெடி இல்லை! பெரிய என்ஜினை வலுவில்லாத சேசிஸில் ஏற்றி முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். வண்டியில் சேசிஸ் விட்டுப்போனால் வெல்டிங் இருக்கிறது. குதிரையின் முன்னங்காலுக்குக் கீழே தசைநாண் கிழிந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் லாயத்தில் நிற்க வேண்டியதுதான். பிறகும் பழையபடி வரும் என்று நிச்சயமில்லை.

இந்த ஏமாற்றில்தான் ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் விழுகிறார்கள். இரண்டு மாதத்தில் குதிரை ஜம்மென்று இருக்கிறதே என்று தேதி குறித்து நோட்டீஸ் அடித்துவிடுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வைத்திருக்கும் விதி மிக எளிமையானது. ஒரு வாரம் தூரத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்டாதே, வேகத்தைக் கூட்டினால் தூரத்தைக் கூட்டாதே. நீண்ட சவாரிக்கு மறுநாள் ஓய்வு. லாடத்தை ஆறு வாரத்துக்கொரு முறை கழற்றிக் குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். பெரிய பயணத்துக்கு முந்தின நாள் புது லாடம் அடித்துக்கொண்டு புறப்படுவது புது ஷூ போட்டுக்கொண்டு மலை ஏறுவது மாதிரி.

அடுத்தது வெப்பம். தெர்மல் பாடத்தில் நாம் வாங்கும் மார்க் ஒருபுறம் இருக்கட்டும், விஷயம் இதுதான். தசை எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறும். மிச்சமெல்லாம் சூடு. நானூறு, ஐநூறு கிலோ எடையுள்ள உடம்பிலிருந்து அந்தச் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டர் எது? தோல்தான், வேர்வைதான். நாய் மாதிரி வாயைத் திறந்து இரைக்கக் குதிரையால் முடியாது, அதற்கு மூக்கு வழி மூச்சு மட்டுமே. வெயிலில் கடுமையாக ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து லிட்டர் வேர்வை விடும்! அதிலும் ஒரு சிக்கல். நம் வேர்வையில் உப்பு ரத்தத்தைவிடக் குறைவு. நீர் போகும், ரத்தத்தில் உப்பு கூடும், உடனே தாகம் எடுக்கும். குதிரையின் வேர்வையிலோ உப்பு ரத்தத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கிறது. நீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுவதால், உள்ளே வறண்டு கிடந்தாலும் தாகமே எடுக்காமல் போகலாம். வாளி நிறையத் தண்ணீர் வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். 'தண்ணி வேணாங்குதுப்பா, தெம்பா இருக்கு' என்று சொல்லிக்கொண்டு மேலே ஏறுகிறவனை என்ன சொல்ல? பயிற்சிக் காலத்திலேயே உப்புக் கரைசலுக்குப் பழக்கியிருக்க வேண்டும். வழியில் கிடைக்கிற எந்தத் தண்ணீரையும் குடிக்கப் பழக்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. சூடான குதிரை மேல் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது, தசை பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக் கடும் வெயிலில் நடக்கப்போகிறது என்பதால் அதற்கு முன்பாக நடத்திய ஆய்வுகளில் அது தவறு என்று தெரிந்தது. தொடர்ந்து குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் குதிரையைச் சீக்கிரம் ஆற்றுகிறது. படித்தவர்கள் கூட வருவது நல்லது என்பதற்காகச் சொன்னேன்.

எடை விஷயத்தில் வெட்கப்படக் கூடாது. ஆளும் சேணமும் மற்ற சாமானும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. அமெரிக்காவில் 2008ல் வந்த ஓர் ஆய்வில் 15, 20, 25, 30 சதவீதம் என்று சுமை ஏற்றிப் பார்த்தார்கள். 25ஐ எட்டியதும் இதயத் துடிப்பும் தசை வலியும் கூடின. நம் நாட்டு மார்வாரி, கத்தியவாரி குதிரை 350 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். மொத்தச் சுமை 70 கிலோ. சேணத்துக்குப் பத்தைக் கழித்தால், 'மாப்ளே... நீ வேன்ல வாடா' என்று நண்பர்களில் இருவரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும்!

குதிரை தெரிந்த ஊர் நம் ஊர் என்று பெருமை பேசுகிறோம். அய்யனாருக்கு மண்குதிரை செய்து நிறுத்துகிறோம். குதிரை வாங்கக் கொடுத்த அரண்மனைப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்தவர் மாணிக்கவாசகர் என்ற கதையைப் பாட்டியிடம் கேட்டவர்கள் நாம் (குதிரையையும் தர்மத்தையும் முடிச்சுப் போட்டது அப்போதே தொடங்கிவிட்டது!). அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு இன்றும் பல மாநிலத்துக் குதிரைகள் வருகின்றன. எல்லாம் சரி. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பதைப் படித்தால் தலை குனியத் தோன்றுகிறது. கடல் கடந்து வரும் குதிரைகளை மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறாராம். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லையாம்! பேணத் தெரிந்தவர்கள் இல்லை, லாடம் அடிப்பவரும் இல்லை என்று காரணம் சொல்கிறார். வணிகர் கணக்கு கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும். வாங்கப் பணமும் ஏறி உட்கார ஆசையும் இருந்து, பேணும் அறிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, நண்பர்கள் எதற்கு? ஒருவனே போகக்கூடாதா? போகலாம். ஆனால் குதிரை மேல் இருப்பவனுக்கு அதன் கால் தெரியாது. முன்னங்கால் வலிக்கும் குதிரை, அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கும். லேசான நொண்டல் என்றால் மேலே இருப்பவனுக்குக் குலுக்கலாகக்கூடத் தெரியாமல் போகும். எதிரே நின்று பார்ப்பவனுக்குப் பளிச்சென்று தெரியும். சவாரியில் நண்பன் என்பவன், ஊர் எல்லையில் ஜனங்கள் மாலையோடு காத்திருக்கும்போது நடுரோட்டில் நின்று 'இறங்குடா!' என்று சொல்லக்கூடியவன். அதைக் கேட்டு இறங்குகிறவன்தான் சவாரிக்காரன். ஐந்து பேரில் இரண்டு பேர் சவாரி செய்தால் மூன்று பேர் வாளி தூக்க வேண்டும், புல்கட்டு சுமக்க வேண்டும், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து குதிரை சாணி போட்டதா என்று பார்க்க வேண்டும். (சிரிக்காதீர்கள்! குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு கட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.) வாளி தூக்கியவன் போட்டோவில் வருவதில்லை. நம் டிப்பார்ட்மெண்ட் விழாக்களில் நாற்காலி தூக்குகிறவனுக்கு இது நன்றாகப் புரியும்.

இனி நான் சண்டை போட நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். பணம்! இப்படிப்பட்ட சவாரிகளில் பரவலாக உள்ள முறை, 'மைலுக்கு இவ்வளவு தருகிறேன்' என்று நன்கொடையாளர் வாக்குக் கொடுப்பது. நூறு மைல் போனால் முழுத்தொகை, அறுபதில் நின்றால் அறுபதுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசியுங்கள். அறுபதாவது மைலில் குதிரை லேசாகத் தலையைத் தூக்குகிறது. மேலே இருப்பவன் நல்லவன்தான், குதிரையை நேசிப்பவன்தான். ஆனால் மீதி நாற்பது மைலில் ஒரு குழந்தையின் ஆபரேஷன் செலவு தொங்குகிறது. இறங்கச் சொல்கிற நண்பனின் வாயை அந்தக் குழந்தையின் முகத்தைக் காட்டியே அடைக்கலாம். நல்ல மனிதனைத் தப்புச் செய்ய வைக்க இதைவிடப் பொல்லாத ஏற்பாடு இருக்க முடியுமா? குதிரையின் வலிக்கு மைல் கணக்கில் விலை போட்டாகிவிட்டது!

பணமும் வேகமும் சேர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதற்குத் தர்மம் சாராத உதாரணம் ஒன்று. ஐக்கிய அரபு அமீரகத்தின் நெடுந்தூரப் பந்தயங்களில் குதிரைகள் பட்ட பாட்டைப் பார்த்து, 2015 மார்ச் மாதம் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் அந்த நாட்டுச் சம்மேளனத்தையே சில மாதங்கள் தள்ளி வைத்தது. அங்கே பணத்துக்கோ வைத்தியருக்கோ பஞ்சமில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே என் யோசனை: நன்கொடையை மைலோடு கட்டாதீர்கள். தயாரிப்போடு கட்டுங்கள். ஆறு மாதப் பயிற்சி நோட்டைக் காட்டு, லாடக் கணக்கைக் காட்டு, தினசரி நாடித்துடிப்பு எழுதி வைத்திருக்கிறாயா காட்டு. நாம் ரெக்கார்டு நோட்டில் வாத்தியாரிடம் கையெழுத்து வாங்குவது மாதிரி, மாட்டு வைத்தியரின் கையெழுத்து அதில் இருக்கிறதா? இருந்தால் முழுப்பணம். பத்தாவது மைலில் வைத்தியர் நிறுத்தினாலும் அதே முழுப்பணம். நிறுத்தியதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

இதைச் சொன்னதும் ஹாஸ்டலில் ஒரு நண்பன் மடக்கினான். "ஏண்டா, ஆறு மாசம் குதிரைக்குக் கொள்ளு, புல்லு, லாடம், வைத்தியம்... அந்தக் காச அப்படியே ஆஸ்பத்திரிக்குக் குடுத்துட்டா போச்சு! எதுக்கு இந்தக் கூத்து?" நியாயமான கேள்வி. குதிரைச் செலவை நன்கொடைப் பணத்திலிருந்து எடுத்தால் அது கூத்துதான், சந்தேகமே இல்லை. குதிரையை ஆசைப்பட்டு வளர்ப்பவர்கள் அந்தச் செலவை எப்படியும் செய்யப் போகிறவர்கள். அதைத் தங்கள் கையிலிருந்து செய்து, வந்த பணத்தைப் பைசா குறையாமல் சேர்த்துக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து ஊர் வழியாகக் குதிரை போனால், பத்து ஊர் ஜனமும் 'என்ன விஷயம்' என்று கேட்கும். செக் எழுதிப் போட்டால் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு குதிரைக்கே போக வேண்டும் என்பேன். 1930ல் கெய்ரோவுக்குப் போன டோரதி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, முதல் உலகப் போரில் பட்டாளத்தில் உழைத்த குதிரைகள் போர் முடிந்து விற்கப்பட்டு, கிழடாகி, எலும்பும் தோலுமாகக் கெய்ரோ தெருக்களில் வண்டி இழுப்பதைப் பார்த்தார். 1931ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். ஏறத்தாழ ஐயாயிரம் குதிரைகளை விலைகொடுத்து மீட்டார். பலவற்றுக்கு அவரால் தர முடிந்தது சில நாள் ஓய்வும் வலியில்லாத முடிவும்தான். 1934ல் அங்கே ஒரு குதிரை ஆஸ்பத்திரி எழுந்தது. அவர் பெயரில் உள்ள அமைப்பு நம் நாட்டிலும் செங்கல் சூளைகளில் வண்டி இழுக்கும் குதிரைகளுக்காக வேலை செய்கிறது. நாம் குடியிருக்கும் வீட்டின் செங்கல்லை யார் இழுத்து வந்தது என்று சிவில் நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு நான் காட்டுவது அமெரிக்காவின் டெவிஸ் கோப்பைச் சவாரி. அது தர்மத்துக்கு நடப்பதல்ல, ஆனால் தர்மமாக நடப்பது. 1955ல் கலிபோர்னியாவில் ஆபர்ன் என்ற ஊரைச் சேர்ந்த மர வியாபாரி வெண்டல் ரோபி, 'இந்தக் காலத்துக் குதிரை ஒரே நாளில் நூறு மைல் போகுமா?' என்ற சந்தேகத்தைத் தீர்க்கச் சில நண்பர்களோடு டாஹோ ஏரிப் பக்கமிருந்து மலை வழியே புறப்பட்டு, இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆபர்ன் வந்து சேர்ந்தார். அதுவே வருடாந்திரச் சவாரியாயிற்று. வழி நெடுகச் சோதனைச் சாவடிகள். ஓய்வில் முப்பது, நாற்பதாக இருக்கும் குதிரையின் நாடி ஓட்டத்தில் பலமடங்கு ஏறும். சாவடியில் அது குறித்த நேரத்துக்குள் அறுபது சொச்சத்துக்கு இறங்க வேண்டும். ஈறை விரலால் அழுத்திவிட்டால் உடனே சிவப்பு திரும்ப வேண்டும். தோலைக் கிள்ளி விட்டால் படிய வேண்டும். வயிற்றில் குடல் சத்தம் கேட்க வேண்டும். பிறகு கயிற்றைப் பிடித்துக் கூடவே ஓடிக் காட்ட வேண்டும். எதில் தவறினாலும் வைத்தியர் சொல்தான் கடைசிச் சொல். பல ஆண்டுகளில் புறப்பட்டதில் கிட்டத்தட்டப் பாதிதான் முடிக்கிறது. அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

1973ல் கார்டி ஐன்ஸ்லீ என்பவரின் குதிரை நடுவழியில் நொண்டியது, நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? குதிரை இல்லாமல் தானே அந்த நூறு மைலையும் ஓடினார்! 23 மணி 42 நிமிடம். நூறு மைல் மனித ஓட்டப் பந்தயம் என்ற ஒன்று அங்கிருந்துதான் பிரபலமாயிற்று. தூரம் நமக்கு வேண்டுமென்றால் நமக்கும் இரண்டு கால் இருக்கிறதே!

அந்தச் சவாரியில் எனக்கு மிகவும் பிடித்தது மறுநாள் காலை. முதலில் வந்தவருக்கு ஒரு கோப்பை. அது போக ஹேகின் கோப்பை என்று இன்னொன்று உண்டு. முதல் பத்து இடத்துக்குள் வந்த குதிரைகளை மறுநாள் வெளியே கொண்டுவந்து, நடக்கவிட்டு, ஓடவிட்டு, முதுகைத் தடவி, காலை அழுத்திப் பார்த்து, எது நல்ல நிலையில் இருக்கிறதோ அதற்கு அந்தக் கோப்பை. நேற்று ஜெயித்த குதிரைக்கே அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

நம்மூரில் யாராவது நண்பர்கள் தர்மத்துக்காகக் குதிரைச் சவாரி போவதாக நோட்டீஸ் அடித்தால், புறப்படும் நேரத்தோடு மறுநாள் காலை எத்தனை மணிக்குக் குதிரைகளை வெளியே கொண்டுவருவார்கள் என்பதையும் அதில் போடட்டும். நான் அந்த நேரத்துக்கு வருகிறேன். பணத்தையும் அப்போதே தருகிறேன்.